நாரைக்கு வைத்த பரஸ்தானம்

பிப்ரவரி 10, செவ்வாய்

நாரைக்கு இன்று புதுச் சாவி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வேலை. நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு கட்டளையிலும் ஒரு ரகசிய முத்திரை இருக்கும். அந்த முத்திரையைப் போடும் சாவியைத்தான் மாற்றுகிறோம். முத்திரை சரியில்லாத கட்டளையை நாரை காதிலேயே போட்டுக்கொள்ளாது. முப்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சிறுகோளைத் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்கலத்துக்கு அந்த எச்சரிக்கை வேண்டும். அதைக் கற்றுக்கொடுத்தவள் நான்.

ஆன்டெனா எங்களுக்குக் கிடைப்பது மூன்று மணிக்கு. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ராகுகாலம். இயக்குநர் வைத்தீஸ்வரன் சார் காலையிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் வழக்கம்போல, "பரஸ்தானம் வெச்சிடலாம், ஜெசிந்தா" என்றார். ராகுகாலத்தில் ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தால், நல்ல நேரத்திலேயே ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். எங்கள் மையத்தில் பைக்குப் பதில் ஒரு வெற்றுக் கட்டளை. ஷிஃப்ட் மேசையில் தொடக்க நேரம் 2.52 என்று பதிந்து பொத்தானை அழுத்தியாகிவிட்டது. அது எங்கும் போகவில்லை. ஆன்டெனா அப்போது வேறொரு கலத்தோடு பேசிக்கொண்டிருந்தது. ஆனாலும் சார் முகம் தெளிந்தது.

நிஜச் சாவி மூன்று மணிக்கு மேல் போனது. ஷிஃப்ட் பொறுப்பாளர் இளவழுதி கேன்டீனிலிருந்து கேசரி வாங்கி வந்திருந்தார். முந்திரியைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பழைய சாவி இன்னும் முப்பது நாள் செல்லும். மார்ச் 12 முதல் புதியது.

வீட்டில் மோட்டார் மறுபடி ஓடவில்லை. கீழ்வீட்டில் இரண்டு குடம் பிடித்து வந்தேன்.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசைக்குப் போய், நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ் போனேன். "என்ன ஜெசிந்தா, திருநீறா?" என்று சார் சிரித்தார். வருஷா வருஷம் அதே கேள்வி. நானும் வருஷா வருஷம் சிரிக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

புதுச் சாவி நடைமுறைக்கு வந்தது. முதல் கட்டளை, கேமராவை மூடு. நாரை மறுத்தது. மறுபடி அனுப்பினோம், மறுத்தது. நான்கோடு நிறுத்தினோம். செய்தி போய்த் திரும்ப முப்பத்துநான்கு நிமிஷம். ஒவ்வொரு மறுப்புக்கும் அவ்வளவு நேரம் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்.

மற்றபடி அதற்கு ஒரு குறையும் இல்லை. பாதை விலகினால் தானே திருத்திக்கொள்கிறது. வெயில் கூடினால் தானே திரும்பிக்கொள்கிறது. திசை திருப்பும் சக்கரங்களில் பழுதான ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்ற மூன்றை வைத்துச் சமாளிக்கிறது. தினமும் அறிக்கை அனுப்புகிறது. இன்றைய அறிக்கையைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: நான் நலம். அடையாளம் தெரியாத யாரோ நான்கு முறை பேச முயன்றார்கள். பதில் சொல்லவில்லை.

"நம்மளத்தான் யாரோங்குது" என்றார் இளவழுதி. ஒன்பது வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறவர். இந்த ஜூனில் நிரந்தரம் ஆக்குவதாக வாய்வார்த்தை கொடுத்திருக்கிறார்கள். அறையில் சிரித்தவர் அவர் ஒருவர்தான்.

மார்ச் 13, வெள்ளி

இன்று ஐந்து மறுப்பு. மொத்தம் ஒன்பது.

நாற்பது என்பது நான் வைத்த எண். நாற்பதாவது தவறான முத்திரை வந்ததும், தரைநிலையம் எதிரி கையில் விழுந்துவிட்டது என்று நாரை முடிவுகட்டிவிடும். அதன்பின் சரியான சாவியோடு போனாலும் கேட்காது. பின்வாசல் கிடையாது. வைக்கத்தான் வேண்டும் என்று நாலு பேர் வடிவமைப்புக் கமிட்டியில் மல்லுக்கட்டினார்கள். பின்வாசல் வைத்தால் அதன் வழியே முதலில் வருகிறவன் திருடன்தான் என்று பேசி ஜெயித்தேன். கைகூடத் தட்டினார்கள்.

ஏப்ரல் 2-ஆம் தேதி நாரை சிறுகோளை விட்டுப் புறப்பட வேண்டும். வயிற்றில் முந்நூறு கிராம் மண் இருக்கிறது. எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் நாரை, இது ஒன்றுக்கு மட்டும் எங்கள் அனுமதியைக் கேட்கும். வேற்றுமண்ணைப் பூமிக்குக் கொண்டுவருவதை மனிதர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும் என்பது விதி. அனுமதி போகாவிட்டால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த வாய்ப்பு ஆறு வருஷம் கழித்து. எரிபொருளோ இரண்டு வருஷத்துக்குத்தான்.

பதினோரு வருஷ வேலை.

மார்ச் 14, சனி

மோட்டார் ஓடுகிறது. சுவிட்சுக்குள் எறும்பு புகுந்திருந்ததாம்.

மார்ச் 16, திங்கள்

கதிர்வீச்சு பட்டு நாரையின் நினைவகத்தில் ஒரு புள்ளி மாறியிருக்கலாம் என்று சார் சொன்னார். அந்த யூகத்துக்கு எட்டு முயற்சி செலவு. மொத்தம் பதினேழு.

சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. பெட்டியை எடுக்க மறந்து நின்றுவிட்டேன். முந்தானையில் ஒரு கை அகலத்துக்குப் பழுப்பாகிவிட்டது. தோன்றியதை இப்போதைக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 17, செவ்வாய்

சார் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். முத்திரையில் சாவியோடு, சாவி கிளம்பிய நேரமும் நொடி சுத்தமாகக் கலந்திருக்கிறது. நாரை அந்த நேரத்தை வந்த செய்தியிலிருந்தே படித்துக்கொள்கிறது. எங்கள் பக்கம் ஷிஃப்ட் மேசையில் பதிந்த தொடக்க நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் அந்த இடத்தை இயந்திரமே நிரப்பும்படிதான் வைத்திருந்தேன். நல்ல நேரத்தைக் கையால் பதிய வசதி வேண்டும் என்று இவர்தான் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு முறையும் பரஸ்தானம் முடிந்த பிறகு நிஜ நேரத்தைத் திருத்திவிடுவது வழக்கம்.

"அன்னிக்கு அந்த ரெண்டு அம்பத்திரண்டைத் திருத்தலையோன்னு சந்தேகமா இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எந்த ரெண்டு அம்பத்திரண்டு?"

"பரஸ்தானம் வெச்சோமே சார்."

"அப்படி ஏதும் நடந்த மாதிரி எனக்குத் தெரியலையே, ஜெசிந்தா" என்றார். குரலில் கோபமே இல்லை. செப்டம்பரில் ஓய்வு பெறப் போகிறார்.

வெளியே வந்து ஒரு காபி குடித்தேன். நான் வற்புறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கிறிஸ்தவப் பெண்பிள்ளை, நம் சம்பிரதாயத்தைக் குறை சொல்கிறாள் என்பார்கள். இருபது வருஷமாக இந்த ஒரு பேச்சு வராமல்தான் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

மார்ச் 19, வியாழன்

மறுப்பு இருபத்தொன்று.

இது வெளியிலிருந்து நடந்த இணையத் தாக்குதல் என்று சார் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். விசாரணைக் கமிட்டி காலையிலேயே வந்து இறங்கியது. ஷிஃப்ட் பதிவுகளையெல்லாம் பெட்டியில் போட்டு அரக்கு வைத்துத் தலைநகருக்கு அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரம். நாரை கிளம்ப வேண்டியது இரண்டு வாரத்தில். இதை யாரும் கூட்டிக் கழித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சாவி நிஜமாகக் கிளம்பிய நொடியும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. திறக்க வேண்டுமானால் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

கமிட்டியின் கையில் ஒரே ஒரு அச்சுத் தாள் இருந்தது. பிப்ரவரி 10, 2.52. ஆன்டெனா கிடைப்பதற்கு எட்டு நிமிஷம் முன்பே இளவழுதியின் லாகினில் யாரோ சாவிப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். சாவியை வெளியாருக்குக் கொடுக்கத் திறந்தாரா என்று அவரிடம் கேட்டார்கள்.

"அப்ப நான் சீட்லயே இல்ல சார். கேசரி வாங்கப் போயிருந்தேன்."

"யார் அனுப்பினாங்க?"

இளவழுதி இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேசையைப் பார்த்தார். கேசரி பற்றித் தனக்கு ஞாபகம் இல்லை என்றார்.

கமிட்டித் தலைவர் என் பக்கம் திரும்பினார். மரியாதையான மனிதர். "மேடம், நீங்க அறையில இருந்தீங்க. அந்த நேரத்துல இவர் சீட்டில் இருந்தாரா?"

நினைவில்லை என்றேன்.

மாலையில் இளவழுதியின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். வாசலில் செக்யூரிட்டி அவருடைய சாப்பாட்டுப் பையைக்கூடப் பிரித்துப் பார்த்தார்.

மார்ச் 22, ஞாயிறு

பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறுமையின்மை, கோபம், தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் தெரியாமல் முட்டை சேர்த்த கேக்கைத் தின்றது. சாமியார், "வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

மார்ச் 23, திங்கள்

எழுதிவிடுகிறேன். இங்கேயும் எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

2.52 என்று அடித்தது நான். இளவழுதியின் மேசையில், இளவழுதியின் லாகினில். சார் அவரைக் கேசரிக்கு அனுப்பியிருந்தார். மணி 2.50 ஆகிவிட்டது, 2.52-தான் நல்ல நேரம் என்று சார் தலைமேல் நின்று கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். என் லாகினில் நுழைய மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷத்தையும் பாதுகாப்புக்காக நான்தான் வைத்தேன். அவர் திரை திறந்து கிடந்தது. உட்கார்ந்தேன், அடித்தேன். சாவி போன பிறகு திருத்திவிடலாம் என்று இருந்தேன். கேசரி வந்தது, பேச்சு வந்தது, மறந்துபோனேன்.

எந்த இயந்திரத்திலும் எவர் பெயரிலும் இன்னொருவர் உட்காரக் கூடாது என்று இருபது வருஷமாக ஊரெல்லாம் வகுப்பெடுத்தவள் நான். வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்ற சொல்கூடப் போதாது.

ஆனால் சொல்லாமலே இதைச் சரிசெய்துவிட முடியும் என்று நினைக்கிறேன். இனி முயற்சி செய்யும் உரிமை எனக்கு மட்டும்தான் என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. நான் முத்திரையிட்டுத் தருவதை ஷிஃப்டில் இருப்பவர் அப்படியே அனுப்பிவிடுவார். உள்ளே என்ன என்று பார்க்க அவருக்கு வழியில்லை. சாவி கிளம்பியது மூன்று பதினாலுக்கு. அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நொடிதான் தெரியாது. அறுபதில் ஒன்று. இன்று ஆறு அனுப்பினேன்.

மறுப்பு இருபத்தேழு.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் ஆறு. முப்பத்துமூன்று. புளிக்குழம்பு வைத்தேன், உப்புப் போட்டேனா என்று நினைவில்லாமல் இரண்டாவது முறையும் போட்டுவிட்டேன்.

மார்ச் 25, புதன்

முப்பத்தொன்பது.

இன்றைய அறிக்கையில் நாரை எழுதியிருக்கிறது: நான் நலம். இன்னொரு முறை யாராவது வந்தால் கதவை நிரந்தரமாக அடைத்துக்கொள்வேன். அந்த வாசகத்தை எழுதி, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டது ஒரு டிசம்பர் மாதம். அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

கமிட்டித் தலைவர் கவலையோடு கேட்டார், "பதினெட்டு முயற்சி வீணாயிடுச்சே மேடம்?" விலக்குமுறைச் சோதனை, ஒவ்வொரு காரணமாகக் கழித்துப் பார்ப்பது என்றேன். தலையாட்டினார். என் பேச்சை எல்லோரும் நம்புகிறார்கள்.

மார்ச் 27, வெள்ளி

சாயங்காலம் ஐந்து மணிக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸ் வாசலில் இளவழுதி நின்றார். உள்ளே வாங்க என்றேன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"முப்பத்தொம்போது ஆயிருச்சாமே மேடம்."

"யார் சொன்னா?"

"கேள்விப்பட்டேன். ஒரே மூச்சுல பதினெட்டு ஏறியிருக்கு. நொடியத் தேடுறீங்கன்னு புரிஞ்சுபோச்சு." சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுத் தாளை எடுத்து நீட்டினார். அனுப்புகிற ஒவ்வொன்றுக்கும் நேரத்தைத் தன் கையால் எழுதி வைப்பது அவர் பழக்கம். "மூணு மணி பதினாலு நிமிஷம் நாப்பத்தொண்ணு."

நான் ஐந்தாவது நொடியிலிருந்து இருபத்திரண்டாவது வரை பார்த்திருந்தேன்.

"நான்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கேசரியோட வந்தப்பவே. என் நாற்காலியக் கீழ எறக்கி வெச்சிருந்துச்சு." நான் குள்ளம். ஷிஃப்டில் மற்ற எல்லோரும் உயரம்.

"ஏன் கமிட்டியில சொல்லல?"

"திரையப் பூட்டாமப் போனது என் தப்புதானே மேடம். அதச் சொல்லாம இதச் சொல்ல முடியாது. ரெண்டையும் சொன்னா அவங்க ஒண்ணத்தான் எழுதிக்குவாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு ஒரு வாரம் பார்த்தேன்."

எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சம்பிரதாயத்தைக் கெடுத்தவள் என்று பேர் வரும், மதத்தை இழுப்பார்கள், உங்களுக்குத் தெரியாதா என்றேன்.

"அப்படியும் பேசுவாங்கதான்" என்றார். "ஆனா நீங்க சொல்லாததுக்குக் காரணம் அது இல்ல மேடம்."

கையில் கத்தி இருந்ததைக்கூட அப்போதுதான் கவனித்துக் கீழே வைத்தேன்.

"நாரை மொதல்ல வரட்டும். அதுக்கப்புறம் நீங்க சொன்னாப் போதும்."

"சொல்றேன்" என்றேன்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மார்ச் 30, திங்கள்

ஆன்டெனா காலை எட்டேகாலுக்கு. ராகுகாலம்.

"ஒரு பரஸ்தானம் வெச்சிடலாமா?" என்று சார் மெல்லக் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். இருபது வருஷத்தில் முதல் முறை. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

3.14.41 என்று அடித்து, முத்திரையிட்டு, எட்டு இருபத்தைந்துக்கு ஒன்றே ஒன்று அனுப்பினேன். முப்பத்துநான்கு நிமிஷம். அறையில் ஒருவரும் நாற்காலியில் சாயவில்லை. எட்டு ஐம்பத்தொன்பதுக்குப் பதில் வந்தது. அடையாளம் சரி. தரைநிலையம் நம்பத்தக்கது.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். மகிழ்ச்சியில் அழுவதாக நினைத்திருப்பார்கள். பாதி அதுதான்.

ஏப்ரல் 1, புதன்

நடந்தது முழுவதையும் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கமிட்டி முன்னால் போனேன். நான் உட்காருவதற்குள் தலைவர் எழுந்து கைகொடுத்தார். அடுத்த திட்டத்தின் பாதுகாப்புத் தலைமைக்கு என் பெயரைப் பரிந்துரைத்திருப்பதாகச் சொன்னார். பக்கத்தில் வைத்தீஸ்வரன் சார் புன்னகையோடு இருந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க மேடம்?"

"தொடக்க நேரம் தவறாப் பதிஞ்சிருந்தது. கணக்குப் போட்டுத் திருத்தினேன்."

"தவறாப் பதிஞ்சது யாரு?"

கைப்பையின் ஜிப்பில் விரலை வைத்திருந்தேன். திறக்கவில்லை.

"லாகின் விவரம் உங்ககிட்டயே இருக்கே சார்" என்றேன்.

ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

நாரை அனுமதி கேட்டது. கொடுத்தேன். கிளம்பிவிட்டது.

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய வெள்ளி. கோயிலுக்குப் போகவில்லை. தலைவலி.

ஏப்ரல் 17, வெள்ளி

கமிட்டியின் அறிக்கை வந்தது. தாக்குதல் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஷிஃப்ட் பொறுப்பாளரின் கவனக்குறைவே காரணம். இளவழுதியின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. இனி எந்த விண்வெளித் திட்டத்திலும் அவரை எடுக்கக் கூடாது என்று ஒரு வரி தனியாக இருக்கிறது.

அவருக்குப் போன் செய்தேன். மணி அடித்து நின்றது. மறுபடி செய்யவில்லை. எடுத்துவிட்டால் என்ன சொல்வது?

அந்த இரண்டு பக்கமும் இன்னும் கைப்பையில்தான் இருக்கின்றன. மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டன.

ஏப்ரல் 27, திங்கள்

ஷிஃப்டுக்குப் புதிதாக வந்திருக்கும் சங்கமித்ராவுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். துடியான பெண். சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்கிறாள். இளவழுதியின் நாற்காலிதான் அவளுக்கு.

"எழுந்து போனா திரையைப் பூட்டிட்டுத்தான் போகணும். ஒரு நிமிஷம்னாலும்" என்றேன்.

"சுத்தி நம்ம ஆளுங்கதானே மேடம் இருப்பாங்க?"

"நம்ம ஆளுங்கன்னாலும் பூட்டணும்."

"இதுக்கு முன்னாடி யாராச்சும் பூட்டாமப் போய் ஏதாவது ஆயிருக்கா மேடம்?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். கதவு சாத்தியிருந்தது. அந்தப் பெண் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். கமிட்டி இல்லை, இயக்குநர் இல்லை, பதவி கொடுப்பவர் எவரும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"ஆயிருக்கு" என்றேன். "இளவழுதின்னு ஒருத்தர். அவராலதான் நாரையையே இழக்க இருந்தோம்."

சங்கமித்ரா அந்தப் பெயரை எழுதி, அடியில் கோடு போட்டுக்கொண்டாள்.